கண்மாய்க்கரை நாய்கள்

வறண்ட கண்மாய் ஒன்றின் மேல்கரையில், பாறைக் கரட்டை ஒட்டி ஒரு மடம் இருந்தது. மடம் என்று பெயர்தான். ஓடு போட்ட இரண்டு அறைகள், ஒரு கிணறு, ஒரு சமையல் கொட்டகை. மத்தியானத்தில் யார் வந்தாலும் அங்கே சோறு உண்டு.

மடத்தில் இருந்தவர் வேதநாயகி அம்மை. அதிகம் பேசமாட்டார். யாராவது ஏதாவது கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்வார். சில சமயம் பதில் சொல்லாமல் ஒரு வேலையைக் கொடுப்பார். அந்த வேலைதான் பதில் என்பது வந்துபோகிறவர்களுக்குப் பழகியிருந்தது.

அவருக்குச் சீடர் என்று ஒருவர்தான். பெயர் திருமேனி. அம்மையைவிட வயதில் மூத்தவர். முன்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்ப மனம் வராமல், சரக்கு இறக்கிய ஊர்களிலேயே படுத்து எழுந்துகொண்டிருந்தவர், ஒரு நாள் இங்கே சாப்பிட வந்தார். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார். மற்றவர்கள் வைத்துவிட்டுப் போன தட்டுகளையும் கழுவினார். பிறகு போகவில்லை.

நாய்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் டவுன்காரர்கள். மடத்தில் சோறு கிடைக்கும் என்பது டவுன் வரைக்கும் தெரிந்திருந்தது. தெருவில் தொல்லை என்று பிடித்த நாய்கள், வீடு மாறும்போது கூட்டிப்போக முடியாத நாய்கள், பெட்டையாகப் பிறந்துவிட்ட குட்டிகள், எல்லாம் சாக்கிலும் அட்டைப்பெட்டியிலும் வந்தன. ஆட்டோ கண்மாய்க்கரையில் வந்து திரும்பி நிற்கும். சாக்கை அவிழ்ப்பார்கள். ஆட்டோ கிளம்பியதும் நாய் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடும். பிறகு நின்றுவிடும்.

அப்படி வந்தவற்றில் ஒன்று செவலை நிறத்தில் ஒரு பெட்டை. கழுத்தில் பெல்ட் கிடந்த இடத்தில் முடி தேய்ந்து வளையமாகத் தெரிந்தது. யாரோ வீட்டில் வைத்து வளர்த்த நாய். வந்த புதிதில் அது எதையும் தின்னவில்லை. கரையில் உட்கார்ந்துகொண்டு, வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றது. வண்டி தாண்டிப் போனதும் மறுபடி உட்கார்ந்தது.

திருமேனி கையில் சோற்றை உருட்டி எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். கடைசியில் ஒரு நாள் அவர் கையிலிருந்து வாங்கித் தின்றது. தின்றுவிட்டு அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டது. அவர் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதைச் செவலை என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

மிஞ்சுகிற சோற்றை நாய்களுக்குப் போடலாமா என்று அம்மையிடம் கேட்டார்.

"போடுங்க," என்றார் அம்மை. "போட்டா நிறைய வரும். வந்தா என்ன செய்வீங்க?"

"எல்லாத்துக்கும் போடுவேன்."

அம்மை தலையை ஆட்டினார். அதைச் சம்மதம் என்று திருமேனி எடுத்துக்கொண்டார்.

சாயங்காலமானால் அவர் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பார். லாரி நிற்கிற இடங்களில் ஒருவரை ஒருவர் கூப்பிடப் பழகிய விசில். கண்மாயின் மறுகரை வரைக்கும் கேட்கும். கருவேலங்காட்டுக்குள்ளிருந்து நாய்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவரும். செவலைதான் முதலில் வரும். பொடியன் என்று ஒரு குட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியில், குட்டைக் கால்களை வைத்துக்கொண்டு தடுமாறி வரும். எல்லாம் அவர் மேல் தாவும். காலைச் சுற்றும். வேட்டியை இழுக்கும். மனைவி இறந்ததிலிருந்து அவர் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் மட்டும் சிரித்தார்.

பக்கத்து ஊர் மாட்டாஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா ஒரு நாள் வந்தார். நாய்களைப் பார்த்தார். இப்படியே விட்டால் பெருகிவிடும், வெறிநோய் வந்தால் இந்தப் பக்கம் யாரும் நடமாட முடியாது, எல்லாவற்றுக்கும் கருத்தடை செய்து ஊசி போட்டுவிடலாம், செலவு இல்லை என்று எடுத்துச் சொன்னார். பிடித்துக் கொடுத்தால் போதும். திருமேனியைத் தவிர வேறு யாருக்கும் அவை பிடிபடாது. திருமேனி சரி என்று சொன்னார்.

குறித்த நாளில் செவலையைக் கூப்பிட்டார். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. கழுத்தில் கயிற்றைப் போட்டார். கயிறு இறுகியதும் அது கத்த ஆரம்பித்தது. கத்திக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தது. வாயைக் கட்டத் துணியை எடுத்தவர், துணியைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மாவிடம் சொல்லி அனுப்பினார். இன்னொரு நாளும் அப்படியே ஆயிற்று. அதன் பிறகு டாக்டரம்மா வருவதை விட்டுவிட்டார்.

"அது பார்க்கிற பார்வையை என்னால தாங்க முடியலம்மா," என்று திருமேனி அம்மையிடம் சொன்னார்.

அம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு மறுபடி அரிசியைப் பார்த்தார்.

மழைக்காலம் வந்தது. கருவேலங்காட்டுக்குள் எங்கே பார்த்தாலும் குட்டிகள். பாதி செத்தன. மீதி வளர்ந்தன. திருமேனி பெரிய அண்டாவில் சோறு வடித்தார்.

கண்மாயின் கீழ்க்கரையில் சடையப்பன் என்பவரின் ஆட்டுப்பட்டி இருந்தது. வெள்ளாடுகள். அவரும் அவர் மனைவி வீரக்காளும்தான் இருந்தார்கள். பிள்ளைகள் பனியன் கம்பெனி வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். ஆட்டை விட்டால் இருவருக்கும் வேறு பிழைப்பு கிடையாது.

ஒரு நாள் காலையில் சடையப்பன் மடத்துக்கு வந்தார். தோளில் ஓர் ஆட்டுக்குட்டி கிடந்தது. அதை முற்றத்தில் இறக்கி வைத்தார். கழுத்து கடித்துக் குதறப்பட்டிருந்தது. அவர் சத்தம் போடவில்லை.

"சாமி, நாயிங்க உங்களுதா?"

திருமேனி குட்டியைப் பார்த்தார்.

"டவுன்காரங்க கொண்டாந்து விடுற தெருநாயிங்க. யாருதும் இல்ல."

சடையப்பன் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாருதும் இல்லன்னா சரி," என்றார். குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அம்மை கொட்டகைக்குள்ளிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பகல் முழுவதும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாயங்காலம் விசில் அடித்து நாய்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, திருமேனி அண்டாவைத் தூக்கிக்கொண்டு வரும்போது வாசலில் வந்து நின்றார்.

"அவருகிட்ட சொன்னதை இதுங்ககிட்டயும் சொல்லிட்டுச் சோத்தைப் போடுங்க."

"எதைம்மா?"

"நீங்க யாரும் என்னுது இல்லன்னு."

திருமேனி அண்டாவோடு நின்றார். நாய்கள் அவர் மேல் தாவிக்கொண்டிருந்தன. செவலை அவர் புறங்கையை நக்கியது. அவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒன்றும் சொல்லாமல் அண்டாவைக் கீழே இறக்கினார். நிமிர்ந்து பார்த்தபோது அம்மை உள்ளே போயிருந்தார்.

அன்று இரவு திருமேனிக்குத் தூக்கம் வரவில்லை. டாக்டரம்மாவுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று நினைத்தார். காலையில் அந்த நினைப்பு இளகிப்போயிருந்தது. பசியால்தான் ஆட்டைக் கடித்திருக்கும், வயிறு நிறைந்தால் கடிக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து இன்னொரு படி அரிசி அதிகமாகப் போட்டார். நாய்கள் கொழுத்தன.

வயிறு நிறைந்த நாய்கள்தான் சில நாள் கழித்து விடிகாலையில் பட்டிக்குள் புகுந்தன. வேலி முள்ளைப் பிரித்துக்கொண்டு கூட்டமாகப் போயின. எதையும் அவை தின்னவில்லை. ஓடுகிற ஆடுகளைத் துரத்தித் துரத்திக் கடித்துப் போட்டன. செத்தவற்றில் சினை ஆடுகளும் இருந்தன. தடியோடு ஓடிவந்த சடையப்பனின் கெண்டைக்காலைக் கறுப்பு நாய் ஒன்று பிடித்துக்கொண்டது. வீரக்காள் உலக்கையால் அடித்துத்தான் அதை விடுவிக்க முடிந்தது.

இந்தத் தடவை மடத்துக்கு யாரும் வந்து முறையிடவில்லை. கண்மாய் வழியாக வந்த விறகுக்காரப் பெண்கள் சொல்லித்தான் தெரிந்தது. திருமேனி கீழ்க்கரை வரைக்கும் போனார். பட்டிக்கு முன்னால் ஆட்டுத்தோல்கள் உலர்ந்துகொண்டிருந்தன. அவர் தூரத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

அதற்கு அடுத்த சில நாட்களில் ஒரு சாயங்காலம் அவர் வழக்கம்போல விசில் அடித்தார். ஒன்றும் வரவில்லை.

மறுபடி அடித்தார். கருவேலங்காடு அசையாமல் இருந்தது. கரட்டுப் பக்கத்திலிருந்து செவலை மட்டும் வந்தது. அதன் பின்னால் இன்னும் மூன்று நான்கு நாய்கள் தயங்கித் தயங்கி வந்தன. பகலெல்லாம் அவை கரட்டின் மேலே எங்கோ இருந்திருக்க வேண்டும்.

திருமேனி காட்டுக்குள் போய்ப் பார்த்தார். ஓடை நெடுக நாய்கள் செத்துக் கிடந்தன. வாயில் நுரை காய்ந்திருந்தது. சில, தண்ணீர் கிடந்த பள்ளம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் அங்கே செத்திருந்தன. ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. அவரைப் பார்த்ததும் வாலை ஆட்டப் பார்த்தது. அவர் அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கியது.

மறுநாள் குழி வெட்டினார். அம்மையும் மண்வெட்டியோடு வந்தார். இருவரும் சேர்ந்து வெட்டினார்கள். மண் கெட்டியாக இருந்தது. வெயில் ஏறி, சாய்ந்து, எல்லாவற்றையும் மூடி முடித்த பிறகு அம்மை கிணற்றடியில் கையைக் கழுவினார்.

"மருந்து வச்சது யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் திருமேனி. "போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"போங்க. அவர் வீடு வழியிலதான இருக்கு. அவரைப் பார்த்துட்டுப் போங்க. நானும் வர்றேன்."

சடையப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலில் கட்டு. வீரக்காள் ஆடுகளுக்கு வேப்பங்குழையைப் போட்டுக்கொண்டிருந்தவர், இவர்களைப் பார்த்ததும் கட்டிலின் பக்கத்தில் வந்து நின்றார்.

திருமேனி உட்காரவில்லை.

"மருந்து வச்சது நீதானா?"

"நான்தான்," என்றார் சடையப்பன். "யாருதும் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க."

திருமேனி ஓர் அடி முன்னால் வைத்தார். அம்மை தரையில் உட்கார்ந்துவிட்டார். வீரக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கறியில் மருந்தைத் தடவி வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து இந்த மனிதர் சோற்றில் கை வைக்கவில்லை என்றார்.

சடையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு சின்னக் குட்டி, குட்டைக் காலு. தின்னுட்டு எங்க போறதுன்னு தெரியாம என் பின்னாலயே வந்துருச்சு தாயி. இந்தக் கட்டில் கிட்டதான் படுத்துச்சு. தண்ணி ஊத்தினேன். புளியைக் கரைச்சு ஊத்தினேன். உசுரு நிக்கல."

பட்டிக்குள் ஆடுகள் இருமிக்கொண்டிருந்தன.

"ஆட்டை யாரு மேய்க்கிறா?" என்று அம்மை கேட்டார்.

யாரும் இல்லை என்றார் வீரக்காள். காலை ஊன்ற முடியவில்லை. டவுனுக்குப் போய் ஊசி போட்டு வருவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. இப்போதைக்குக் குழை ஒடித்துப் போட்டுச் சமாளிக்கிறோம் என்றார்.

"நாளையிலிருந்து இவர் வருவார்," என்றார் அம்மை.

திருமேனி திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்.

"நான் ஸ்டேஷனுக்குப் போறேன்னு சொன்னேன்."

"போங்க. சாயங்காலம் ஆட்டை அடைச்சதுக்கப்புறம் போங்க."

மறுநாள் அவர் மேய்க்கப் போனார். ஆடுகள் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. திசைக்கொன்றாகச் சிதறின. ஒன்றைத் திருப்பப் போனால் இன்னொன்று தோட்டத்துக்குள் புகுந்தது. தோட்டத்துக்காரர் வாயில் வந்தபடி திட்டினார். மாலையில் பட்டியை அடைத்தபோது திருமேனியின் கால் வீங்கியிருந்தது. ஸ்டேஷன் இருந்த திசையில் கண்மாய் முனை வரைக்கும் நடந்தவர், ஒரு கல்லில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து மடத்துக்குத் திரும்பினார். அடுத்த நாள் அந்தத் திசையில் போகவே இல்லை.

நாள் போகப் போக ஆடுகள் பிடிபட்டன. கொம்பு உடைந்தது எது, மூக்கு வெளுத்தது எது என்று தெரிந்தது. காதில் புள்ளி விழுந்த ஒரு பெட்டை ஆடு தினமும் ஓர் உடைமரத்தடிக்குப் போய், தரையை மோந்து பார்த்துவிட்டுக் கத்தும். மற்ற ஆடுகள் நகர்ந்துபோன பிறகும் அங்கேயே நிற்கும். கொஞ்ச நேரம் காதைத் தூக்கிக் கேட்கும். மறுபடி கத்தும். அது ஏன் அப்படி நிற்கிறது என்று வீரக்காளிடம் கேட்டார். அங்கேதான் அதன் குட்டி கிடந்தது என்று அவர் சொன்னார். முற்றத்தில் சடையப்பன் இறக்கி வைத்த குட்டி.

அதன் பிறகு திருமேனி அந்த ஆட்டை இழுத்துக்கொண்டு போவதை விட்டுவிட்டார். அது கத்தி முடிக்கும் வரைக்கும் மற்ற ஆடுகளை அங்கேயே சுற்றி நிறுத்திக்கொண்டார்.

மத்தியானத்தில் வீரக்காள் கூழ் கொண்டுவந்து கொடுப்பார். மாலையில் ஆட்டை அடைக்கும்போது சடையப்பன் பட்டிவாசலில் உட்கார்ந்திருப்பார். இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரு நாள் சடையப்பன் கேட்டார்.

"அந்தக் குட்டைக் காலுக்குப் பேரு இருந்துச்சா?"

"பொடியன்."

சடையப்பன் அந்தப் பெயரை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கண்மாய்க்கரை காலியாகிவிடவில்லை. டவுனிலிருந்து சாக்குகள் வந்துகொண்டுதான் இருந்தன. மடத்தில் அம்மை நாய்களுக்குச் சோறு வடித்தார்; மேய்ச்சல் முடிந்து வந்ததும் திருமேனி விசில் அடித்துப் போட்டார். பகலெல்லாம் செவலை அவரைத் தேடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் உச்சி வெயிலில் அது அவரைக் கண்டுபிடித்தது. ஆடுகள் கண்மாயின் நடுவே மேய்ந்துகொண்டிருந்தன. கரைமேல் நின்ற செவலை அவரைப் பார்த்ததும் வாலைச் சுழற்றிக்கொண்டு நேராக இறங்கி ஓடிவந்தது. அதன் பின்னால் இன்னும் சில நாய்கள் ஓடிவந்தன. ஆடுகள் மிரண்டு ஓட்டம் பிடித்தன. ஆடுகள் ஓடுவதைக் கண்டதும் நாய்களின் ஓட்டம் மாறியது.

திருமேனி கத்தினார். அவை கேட்கவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். எத்தனை தூரத்தில் இருந்தாலும் அந்த விசிலுக்கு அவை அவரிடம் வந்துவிடும். வந்தன. கருவேலங்காட்டுக்குள் படுத்திருந்தவையும் எழுந்து, சோறு என்று நினைத்து, ஆடுகளுக்கு நடுவே பாய்ந்து வந்தன.

செவலை ஒரு குட்டியின் பின்னங்காலைப் பிடித்திருந்தது. திருமேனி ஓடிப்போய்க் குழை ஒடிக்க வைத்திருந்த தொரட்டிக் கம்பால் ஓங்கி அடித்தார். எலும்பு முறிகிற சத்தம் அவருக்குக் கேட்டது. செவலை குட்டியை விட்டது. அவர் நிற்காமல் கம்பைச் சுழற்றிக்கொண்டு மற்ற நாய்களின் மேல் பாய்ந்தார். கல்லை எடுத்து எறிந்தார். அவர் வாயிலிருந்து வந்தது அவர் குரல் மாதிரியே இல்லை. நாய்கள் சிதறி ஓடின.

செவலை மட்டும் ஓடவில்லை. முறிந்த முன்னங்காலை இழுத்துக்கொண்டு, காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, வயிறு தரையில் படத் தவழ்ந்து அவரிடம் வந்தது. அதன் வால் புழுதியில் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் அதைப் பார்க்கவில்லை. கடிபட்ட குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். சிதறிய ஆடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பட்டிக்கு ஓட்டிப்போய் அடைத்தார். குட்டியைச் சடையப்பனின் மடியில் வைத்தார். பிறகுதான் கண்மாய்க்குத் திரும்பி ஓடினார். செவலை விட்ட இடத்திலேயே கிடந்தது. அவர் தூக்கியபோது அவர் நெஞ்சில் மூக்கைப் புதைத்துக்கொண்டது.

மாட்டாஸ்பத்திரிக்கு ஒரே ஆட்டோவில் போனார்கள். சடையப்பன் மடியில் ஆட்டுக்குட்டி. திருமேனி மடியில் நாய். இருவர் வேட்டியிலும் ரத்தம். ஆட்டோக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார். இருவரும் மடியைக் குனிந்து பார்த்தார்கள்.

டாக்டரம்மா முதலில் குட்டிக்குத் தையல் போட்டார். பிறகு நாயைப் பார்த்தார். எலும்பை இழுத்துக் கட்ட வேண்டும், மயக்க ஊசி போடும் வரைக்கும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"பிடிச்சுக்குவீங்களா?"

திருமேனி அதன் வாயைத் துணியால் கட்டினார். கழுத்தையும் இடுப்பையும் மேசையோடு சேர்த்து அழுத்தினார். ஊசி இறங்கியதும் அது தொண்டைக்குள்ளிருந்து கத்தியது. உடம்பு முழுவதும் உதறியது. முறிந்த கால் அந்த உதறலில் மேசையில் மோதியது. கத்திக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தது. அவர் கையைத் தளர்த்தவில்லை. அதன் கண் மங்கும் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். சடையப்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது திருமேனி டாக்டரம்மாவிடம், மறுபடி கண்மாய்க்கு வரமுடியுமா என்று கேட்டார். டாக்டரம்மா முன்பு நடந்ததைக் குத்திக்காட்டவில்லை. ஆட்களையும் வண்டியையும் ஏற்பாடு செய்கிறேன் என்றார்.

அடுத்த வாரங்களில் எல்லா நாய்களையும் பிடித்தார்கள். கயிறு வீசத் தெரிந்தவர் சடையப்பன். அவர் நொண்டிக்கொண்டே வந்து கயிற்றைப் போடுவார். திருமேனி நாயைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றுவார். முதல் நாள் விசிலுக்கு நாய்கள் வந்தன. இரண்டாவது நாள் பாதிதான் வந்தன. பிறகு விசில் சத்தம் கேட்டாலே காட்டுக்குள் ஓடி ஒளிந்தன. முள்ளுக்குள் புகுந்து இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. திருமேனியின் கையெல்லாம் கடி. அவரும் டவுனுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார். சடையப்பனும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

ஆபரேஷன் முடிந்த நாய்கள், அதற்கு அடையாளமாகக் காதில் சின்ன வெட்டோடு திரும்பி வந்தன. வழியில் இரண்டு செத்துப்போயின. மடத்துக்குப் பின்னால் சடையப்பனும் திருமேனியும் சேர்ந்து கம்பி வேலி கட்டினார்கள். பொழுது சாய்ந்ததும் சோறு அந்த வேலிக்குள்தான். சாப்பிட வந்தவற்றை உள்ளே விட்டு வேலிப் படலைச் சாத்தி, மறுநாள் மாலை ஆடுகள் மேய்ச்சலிலிருந்து வந்து பட்டியில் அடைந்த பிறகுதான் கொஞ்ச நேரம் திறந்துவிட்டார்கள். புதிதாக எந்தச் சாக்கு வந்தாலும் திருமேனி கயிற்றோடு போனார். அந்தக் கோடையில் பட்டியில் ஓர் ஆடும் சாகவில்லை. உடைமரத்தடியில் அந்தப் பெட்டை ஆடு கத்துவது எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

மடத்து முற்றம் சாயங்காலத்தில் அமைதியாகிவிட்டது. திருமேனி விசில் அடிப்பதில்லை. வேலிக்குள் சோற்றை வைத்துவிட்டு நிற்பார். நாய்கள் தூரத்தில் நின்று அவரைப் பார்க்கும். அவர் நிற்கும் வரைக்கும் ஒன்றும் உள்ளே வராது. அம்மை போய்ப் படலைச் சாத்துவார்.

ஒரு மாலையில் அவர் வெகுநாள் கழித்து அம்மையின் எதிரே வந்து உட்கார்ந்தார். அம்மை விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். திருமேனி மெல்ல ஆரம்பித்தார்.

"செவலைக்குக் காலு கூடிருச்சும்மா. லேசா நொண்டுது. ஆனா நல்லா ஓடுது."

"ம்."

"என்னைக் கண்டா எந்திரிச்சுப் போயிடுது."

அம்மை திரியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்குக் கண்மாயில அடிச்சப்பக்கூட என்கிட்டதான் வந்துச்சு. ஆஸ்பத்திரியில பிடிச்சு அழுத்துனதைத்தான் அதால மறக்க முடியல போல. அதோட நல்லதுக்குத்தான செஞ்சேன்." அவர் திரும்பி வேலிப் பக்கம் பார்த்தார். "தினமும் போய் நின்னு பார்க்கிறேன். பேரைச் சொல்லிக் கூப்பிடுறேன். அந்தக் கருவேலமரத்துக்குப் பின்னாலயே நிக்குதே தவிர வரமாட்டேங்குது. இனிமே எப்ப வரும்மா?"

அம்மை கேட்டார்.

"நீங்க இந்தப் பக்கம் வந்ததுக்கப்புறம் சாப்பிடுதா?"

"சாப்பிடுது. தட்டைப் போய்ப் பார்க்கிறேன். சுத்தமா நக்கி வச்சிருக்கு."

"அப்ப இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் அம்மை.